கவிழ்த்து வைத்த ட்ரெய்லர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்யும்போது வாயில் பல் இருப்பதுதான் முறை என்பதால், கிண்ணத்திலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டி, இரண்டு தடவை கடித்துப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். கூட்டிச் சொல்வது, நடுவில் கொஞ்சம் செருகுவது, அந்தப் பழக்கமெல்லாம் என்னிடம் இல்லை. எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் என்னைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள். அது வேறு விஷயம்.

முதலில் என் நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குஷன் வைத்தது. பக்கவாட்டில் ஒரு பிடி உண்டு. இழுத்தால் முதுகு சாயும், காலுக்கு ஒரு பலகை முன்னால் நீண்டு வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கி, கூடத்து ஜன்னல் ஓரமாகப் போட்டேன். சாய்ந்தால் டிவி நேரே தெரியும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் தெருவில் யார் யாரோடு சண்டை என்பது தெரியும். முதுகுப் பக்கம் என் முதுகின் அளவுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் சும்மா விழவில்லை. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் அசையாமல் உழைத்திருக்கிறேன்.

அந்தப் பள்ளத்தில்தான் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார்.

என் மகளைக் கட்டியவர். தங்கமான மனிதர். அசைக்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்டதால் மகளும் அவரும் பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு வாரம் இருப்பதாகச் சொன்னார்கள். எந்த வாரம் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மகனாக இருந்தால் "எழுந்திருடா" என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மாப்பிள்ளை வந்தால் நாம்தான் எழுந்திருக்க வேண்டும். அவர் உள்ளே வந்த அன்று மரியாதைக்கு ஒரு தடவை எழுந்தேன். அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு நான் சமையலறை முக்காலிக்குக் குடிபோனேன். அந்த முக்காலிக்கு மூன்று கால் என்பது பெயரளவில்தான், ஒன்று குட்டை. காதுக்குப் பக்கத்தில் மிக்ஸி. அது ஓடும்போது உலகச் செய்தி எதுவும் என்னை எட்டாது.

மாப்பிள்ளைக்குத் தொழில் ட்ரெய்லர். காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போவார்களே, இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்த மூடிய பெட்டி, அது. உள்ளே ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் அடங்கும். அதில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவர் வேலை. சாமான் கிடைக்காத நேரத்தில் ட்ரெய்லர் எங்கள் வாசல் மரத்தடியில் நிற்கும், அவர் என் நாற்காலியில் சாய்ந்திருப்பார். இரண்டில் எது அதிகமாக அசைந்தது என்று சொல்வது கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு ஒரு போன் வந்தது. மெத்தைக் கம்பெனியிலிருந்து. தொழிற்சாலையிலிருந்து கடைகளுக்கு மெத்தை கொண்டுபோக வருஷம் முழுக்க ஒரு மூடிய ட்ரெய்லர் வேண்டுமாம். வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அழுக்குப் பெட்டியிலிருந்து இறங்கிய மெத்தையில் யார் தலை வைத்துப் படுப்பார்கள்? திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் அன்றைக்கே வேலை, தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வீடு.

இதெல்லாம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது பேசியது. எனக்கு "வீடு" என்ற சொல் மட்டும் கேட்டது. முக்காலியிலிருந்து விழுந்துவிட்டேன்.

வாசலுக்கு ஓடிப் போய் ட்ரெய்லரைப் பார்த்தேன். உற்சாகம் பாதி வடிந்துவிட்டது. அது என்ன நிறம் என்பதே வீட்டில் விவாதத்துக்குரிய விஷயமாக இருந்தது. மாப்பிள்ளை வெள்ளை என்றார். மகள், தான் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அது காப்பிப்பொடி நிறம்தான் என்றாள். கூரையில் விழுந்த இலையெல்லாம் மக்கி மண்ணாகி, அதில் ஒரு தக்காளிச் செடி முளைத்துக் காய்த்திருந்தது. எதிர்வீட்டு லாரி டிரைவர் மாடியிலிருந்து கழியை நீட்டி அவ்வப்போது பழம் பறித்துக்கொள்வார். பின்கதவில் தூசி வழவழவென்று படிந்திருந்ததால் தெருவின் டியூஷன் டீச்சர் அதைத்தான் கரும்பலகையாக வைத்திருந்தார். கழுவப் போகிறோம் என்று தெரிந்ததும் வந்து, பின்னம் இன்னும் முடியவில்லை, ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டார்.

வண்டி கழுவும் கடைக்கு முதலில் இழுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயிருந்து, இன்று விடுமுறை என்றார்.

திரும்பி வந்ததும் மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தபடியே, தானே கழுவிவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போது ஒரு கால் பெருவிரல் அசைந்ததை நான் பார்த்தேன். அதற்குள் என் மனைவி பதறிவிட்டாள்.

"மாப்பிள்ளை கையில பிரஷ்ஷா? அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

அந்த "நாங்க" நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அலுவலகத்தில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு முனைப்போடு நான் ஒரு வேலையைத் தொட்டது கிடையாது. என் நாற்காலி எனக்கு வேண்டும். அதற்கு இந்த ட்ரெய்லர் வெளுக்க வேண்டும். வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எதுவும் எனக்குப் புரிந்ததில்லை.

மாப்பிள்ளை கூட இருந்து மேற்பார்வை பார்த்தால் நல்லது என்று என் மனைவிக்குத் தோன்றியது. நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். அவர் எழுந்துகொண்டால் தூக்கச் சுலபமாக இருக்கும் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று, லாரி டிரைவரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கமாக அவரோடு சேர்த்தே நாற்காலியைத் தூக்கி வந்து மர நிழலில் வைத்தோம். படி இறங்கும்போது ஒரு குலுக்கல். அவர் கண்ணைத் திறக்காமல், "பாத்து மாமா" என்றார்.

லாரி டிரைவர் தொழில் தெரிந்தவர். சோப்பைக் கீழேயிருந்து மேலே போட வேண்டும், தண்ணீரை மேலேயிருந்து கீழே விட வேண்டும், மாற்றிச் செய்தால் அழுக்கு கோடு கோடாக வழிந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று பாடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் ஷாம்பூவை வாளியில் கரைத்து, நீளக் கம்பு பிரஷ்ஷால் சக்கரத்துக்கு மேலேயிருந்து ஆரம்பித்து நுரை ஏற்றினேன். பிறகு ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் விட்டேன்.

ஒரு சொட்டுகூடக் கீழே வரவில்லை. அந்த அழுக்கு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். மடக் மடக்கென்று சத்தம். மொட்டை மாடித் தொட்டி முழுவதையும் குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டது. கூரையில் தக்காளிச் செடி ஒரு முழம் வளர்ந்தது.

"மாமா, அந்த மூலையில கொஞ்சம் விட்டுப் போச்சு" என்றார் மாப்பிள்ளை.

குழாயில் தண்ணீர் நின்றதைக் கேட்க என் மனைவி வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றினாள். விரலால் ஒரு இடத்தைச் சுரண்டினாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது அடிப்பிடிச்ச பாத்திரம். சும்மா தேச்சா போகாது. ஊறணும்."

அவள் எந்தப் பொருளையும் இரண்டே வகையாகப் பிரிப்பாள்: தேய்த்தால் போவது, ஊறினால் போவது. நான் இரண்டாவது வகை என்று கல்யாணமான புதிதிலேயே தீர்மானித்துவிட்டாள். வீட்டிலிருந்த போர்வைகள் அத்தனையையும் சோப்புத் தண்ணீரில் முக்கி ட்ரெய்லரின் மேல் சுற்றினாள். போதவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய் வாங்கி வந்தாள். கடைசியில் டியூஷன் டீச்சரின் ஜன்னல் திரையால் பின்கதவை மூடினாள். பார்ப்பதற்கு ஒரு பெரிய நோயாளி கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பது போல இருந்தது. போகிற வருகிறவர்கள், எப்படி அடிபட்டது என்று விசாரித்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து போர்வைகளை உரித்தோம். இதைக் கவனமாகப் படியுங்கள். அழுக்கு கரையவில்லை. ஆறிய பாலின் மேல் படிந்த ஆடையை எடுப்பது போல மொத்தமாக, கிழியாமல், ஒரே துண்டாகக் கழன்று வந்தது. வந்தது கீழே விழவும் இல்லை. ட்ரெய்லருக்குப் பக்கத்தில் கூரை, கதவு, சக்கரத்தின் வளைவு எல்லாவற்றோடும் தன் காலிலேயே நின்றது. இப்போது எங்கள் வாசலில் இரண்டு ட்ரெய்லர். ஒன்று வெள்ளை, ஒன்று காப்பிப்பொடி. தக்காளிச் செடி அழுக்கோடு போய்விட்டது. லாரி டிரைவர் கீழே இறங்கி வந்து, இரண்டாவது வண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று தனியாக என்னிடம் கேட்டார். டியூஷன் டீச்சர் தன் பின்கதவைத் தொட்டுப் பார்த்தார். பின்னக் கணக்கு ஒரு எழுத்து அழியவில்லை. கண் கலங்கிவிட்டார்.

வெள்ளை ட்ரெய்லரில் மிச்சமிருந்தது தார்ப் புள்ளிகளும் தகட்டைப் பிடித்திருந்த ரிவிட் ஆணிகளைச் சுற்றிய கறுப்பும்தான். தாருக்கு மண்ணெண்ணெய்த் துணி. ரிவிட்டுக்கு என் மனைவி ஒரு டூத்பிரஷ் கொண்டுவந்து கொடுத்தாள். அது என்னுடையது. உங்களுக்கு இனிமேல் இது எதுக்கு என்றாள். வாங்கித் தேய்த்தேன். ஒவ்வொரு ரிவிட்டும் ஒரு பல் மாதிரியே இருந்ததால் கை தானாக மேலும் கீழும் போயிற்று. பிறகு பழைய பனியனால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒரு மினுமினுப்பு வந்தது பாருங்கள், சாயங்காலத்துக்குள் முடி வெட்டுகிறவர் தன் சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டார். ஒரு காக்கை பக்கவாட்டில் தன்னைப் பார்த்தது, வெட்கப்பட்டது, போய்க் குளித்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தது.

வேலை முடிந்தது என்று நான் ஹோஸைச் சுருட்டினேன். என் மனைவி விடவில்லை.

"நிமித்தியே வெச்சா தண்ணி தேங்கி, காலைல கறை விழும். கவுத்து வெக்கணும்."

இது பாத்திரம் இல்லை, வண்டி என்று நான் எடுத்துச் சொன்னேன். அவள் நிதானமாக என்னைக் கேட்டாள்.

"உள்ள சாமான் போடறோமா இல்லையா?"

"போடறோம்."

"மூடி இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் உள்ளே போய், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி இரண்டை எடுத்து வந்தாள். ட்ரெய்லரின் கீழ் விளிம்பில் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று போட்டுப் பிடித்தாள். நானும் ஒரு கை கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம், வெயிலில் நின்றது, சூடாக இருக்கும் என்றாள். ஒரு மூச்சு. ஒரு திருப்பு. ட்ரெய்லர் தலைகீழாக உட்கார்ந்தது, சக்கரம் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தபடி. காற்றுப் போக வேண்டும் என்று ஓரத்தில் ஒரு கரண்டியை முட்டுக் கொடுத்தாள். திரும்பிப் போகப் போனவள், அதன் அடியைப் பார்த்து நின்றுவிட்டாள். அடி வெளுக்காத பாத்திரத்தை அவள் வீட்டில் சேர்த்ததே இல்லை. பொழுது சாய்வதற்குள் அச்சு, பட்டை, போல்ட் நட்டு எல்லாம் அவள் கையால் வெளுத்துவிட்டன.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். களைத்துப் போனாராம். சாப்பாட்டை நாற்காலிக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். இரவும் வாசலிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் காப்பி குடித்துவிட்டு நிமிர்த்திவிடலாம் என்பது திட்டம். மேற்பார்வையாளர் காப்பிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். என் மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லாமல் அதை நிமிர்த்த ஊரில் ஆள் கிடையாது. நான் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். கரண்டிதான் விழுந்தது.

மெத்தைக் கம்பெனிக்காரர் என்றால் கொழுகொழுவென்று இருப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் ஒல்லி. பல வருஷமாகத் தூங்காத முகம். கையில் ஒரு நீளக் குச்சி, அதன் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடி. இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி காரிலிருந்து தவணை முறையில் இறங்கினார். நேராகக் காப்பிப்பொடி ட்ரெய்லரின் முன்னால் போய் நின்றார். முகம் விழுந்துவிட்டது. என் நாற்காலி என்னை விட்டுப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

மகள்தான் சமாளித்தாள். "சார், அது வெறும் அழுக்கு. வண்டி அந்தப் பக்கம் இருக்கு."

அவர் அந்தப் பக்கம் போனார். தலைகீழ் ட்ரெய்லரைப் பார்த்தார். ஒரு சுற்று வந்தார். அச்சைத் தொட்டார். விரலைப் பார்த்தார்; சுத்தம். சக்கரத்தை லேசாகச் சுண்டினார். அது சுற்ற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கண்ணாடிக் குச்சியை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இத இப்படி வெச்சது யாரு?"

மாப்பிள்ளையின் கை என் பக்கம் நீண்டது. என் கை அதற்கு முன்பே அவர் பக்கம் நீண்டிருந்தது.

மேற்பார்வையாளர் அச்சை இன்னொரு தடவை தடவிக் கொடுத்தார். "எத்தனையோ வண்டி பாத்துட்டேன். எல்லாரும் மேல மட்டும் பளபளன்னு வெச்சிருப்பாங்க. அடியப் பாக்கணும்னா நான் ரோட்டுல படுக்கணும். என் இடுப்பு போனதே அதுலதாங்க. அப்புறந்தான் இந்தக் கண்ணாடிக் குச்சி. மெத்தக் கம்பெனில வேலை பாத்துட்டு மல்லாக்கப் படுக்க முடியாம கெடக்கறேன். நின்னுகிட்டே பாக்கற மாதிரி எனக்கு அடிய எடுத்துக் காட்டினது இந்த ஒரு எடத்துலதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலை உங்களுக்குத்தான், இன்றைக்கே வந்துவிடுங்கள், வீட்டுச் சாவி காரில் இருக்கிறது என்று மாப்பிள்ளையின் பக்கம் கையை நீட்டினார்.

நாற்காலி வாசலில், மர நிழலில். கை நீண்டது சுவரோரத்திலிருந்து. நடுவில் நாலைந்து அடி இடைவெளி. உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பார்த்தார் மாப்பிள்ளை, எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார், எட்டவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

அவர் எழுந்தார்.

கால் பலகை டபாரென்று மடங்கிற்று. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நான் நாற்காலிக்குள் இருந்தேன். எப்படி வந்தேன், எந்த வழியாக வந்தேன் என்பது எனக்கே தெரியாது. என் வயதில் அந்த வேகம் உடம்புக்கு ஆகாது என்று லாரி டிரைவர் பிற்பாடு சொன்னார். பள்ளம் கொஞ்சம் அகன்றிருந்தது. இப்படியும் அப்படியும் நெளிந்து என் முதுகைத் தேடி எடுத்துப் பொருத்திக்கொண்டேன். பிடியை இழுத்தேன். கால் உயர்ந்தது.

கை குலுக்கிவிட்டு மாப்பிள்ளை திரும்பினார். நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாமா..."

"சொல்லுங்க மாப்ள."

"ஒண்ணுமில்ல மாமா."

அதற்குள் என் மனைவி தலையில் துண்டோடு வந்து, விருந்தாளி வந்திருக்கும்போது பாத்திரத்தை இப்படிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறீர்களே என்று எங்களைத் திட்டிவிட்டு, கரித்துணியைப் போட்டு ட்ரெய்லரை நிமிர்த்தினாள். மேற்பார்வையாளர் அதைப் பார்த்தபோது அவருடைய இடுப்பு வலி விட்டுப்போயிற்று. பெட்டி படுக்கை ஏறியது. மகள் கிளம்பும்போது குனிந்து என் காதில், "எழுந்துடாதீங்கப்பா, கார் தெருமுனை தாண்டட்டும்" என்றாள். என் மகளல்லவா.

காப்பிப்பொடி ட்ரெய்லர் மழைக்காலம் வரை வாசலில் நின்றது. பின்னம் முடிந்து தசமமும் அதிலேயே நடந்தது. பிறகு ஒரு பெரிய மழையில் கரைந்து போனது. அந்த இடத்தில் இப்போது தெருவுக்கே தக்காளி.

அன்றிலிருந்து நாற்காலி என்னுடையது. பழையபடி ஜன்னல் ஓரத்தில். மாப்பிள்ளையும் மகளும் தொழிற்சாலை வீட்டில் சௌக்கியம். மெத்தைகள் வெள்ளை வண்டியில் போகின்றன. வாங்கியவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்களாம். நானும் சாய்ந்த இடத்தைவிட்டு இம்மியும் நகர்வதில்லை. இனி யார் வந்தாலும் மரியாதைக்கு எழுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன்.

இதை நான் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்; கூடத்தில் மாப்பிள்ளை தூங்குவதால் மிக்ஸியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.